தட்பவெப்பமும் வாழ்க்கைத் தரமும் – பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தவர் தொல்காப்பியர். மக்களின் தொழிலும் உணவும் ஒழுக்கமும் அவர்தம் நிலத்தையும் பருவத்தையும் ஒட்டியே அமையும் என்பது பண்டைத் தமிழர் கண்ட உண்மை. கி.பி. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் இப்னு கல்தூனும் தம் 'முகத்திமா' என்னும் நூலில் உலகை ஏழு மண்டலங்களாகப் பகுத்தார். மிகு வெப்பமும் மிகு குளிரும் இல்லாத நடுமண்டலங்களிலேயே நாகரிகம் தழைக்கும் என்று அவர் கருதினார். தட்பவெப்பமே வாழ்வை வகுக்கிறது என்னும் எண்ணம் இவ்வாறு கிழக்கிலும் மேற்கிலும் நெடுங்காலமாக நிலவி வந்திருக்கிறது.

இன்று இவ்வெண்ணம் வேறு வடிவில் நம்முன் நிற்கிறது. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஒவ்வொருவரும் 'எங்கே சென்று வாழ்வது?' என்று சிந்திக்கின்றனர். சென்னை, பெங்களூர், வளைகுடா, அமெரிக்கா என விடைகள் விரிகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் 'இங்கே வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?' என்று பெரியோர்களே அலுத்துக் கொள்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். ஒரு வட்டாரத்தின் வாழ்க்கைத் தரம் அதன் வெயிலாலும் மழையாலும்தான் தீர்மானிக்கப்படுகிறதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்க்கைத் தரத்தை அளப்பது எவ்வாறு?

ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானம் ஒன்றைக் கொண்டே அளந்துவந்த முறை 1990இல் மாற்றம் பெற்றது. அவ்வாண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் தன் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை வெளியிட்டது. அதனை முன்னின்று உருவாக்கியவர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக். துணைநின்றவர் நம் நாட்டு அமர்த்தியா சென். நீண்ட நலவாழ்வு, கல்வி, போதிய வருவாய் ஆகிய மூன்றே அவ்வறிக்கையின் அளவுகோல்கள். வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு என்னும் வினா அதில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

அமெரிக்க நாடு தரும் சான்று

ஒரே அரசின் கீழ்ப் பல்வேறு தட்பவெப்பங்களைக் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடு இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். வடக்கே உள்ள மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏரிகள் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். தெற்கே உள்ள மிசிசிப்பி மாநிலத்தில் குளிர்காலம் மென்மையானது, மழை மிகுதி, மண் வளமானது. எனினும், 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி மின்னசோட்டாவில் பிறந்த குழந்தையின் சராசரி வாழ்நாள் எதிர்பார்ப்பு 79.1 ஆண்டுகள், மிசிசிப்பியிலோ 71.9 ஆண்டுகள். இனிய தட்பவெப்பமுடைய ஹவாய்த் தீவுகளே 80.7 ஆண்டுகளுடன் முதலிடம் பெற்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உறைபனி நாட்டவர் வளமண் நாட்டவரைக் காட்டிலும் ஏழாண்டுகள் கூடுதலாக வாழக்கூடும் என்றால், அவ்வேறுபாட்டுக்குக் காரணம் வானத்தில் இல்லை. மருத்துவ வசதி, கல்வி, வறுமை ஆகியவற்றில்தான் அதனைத் தேட வேண்டும்.

வெயிலுக்கு வருவோம். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம் பாலைநிலத்தில் அமைந்தது. குளிர்சாதனம் பரவிய பின்னரே அது பெருநகரமாக வளர்ந்தது. அந்நகரில் 2023ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்நகரை உள்ளடக்கிய மாரிகோபா வட்டாரத்தில் அவ்வாண்டு வெப்பம் தொடர்பாக இறந்தோர் 645 பேர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடற்றவர்கள். வெயில் எல்லார்க்கும் பொது. நிழல்தான் பொதுவாக இல்லை. இக்கருத்தை மனத்திற் கொண்டு நம் மாவட்டங்களை நோக்குவோம்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

பழைய ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. இரண்டுக்கும் கடற்கரை இல்லை. வடக்கே வெள்ளாறு எல்லையாக ஓடுகிறது. அரியலூரின் தெற்கெல்லையாகக் கொள்ளிடம் அமைகிறது. பெரம்பலூரின் மேற்கே பச்சைமலை நிற்கிறது.

வானம் ஒன்றாயினும் மண் வேறு. பெரம்பலூரின் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. செட்டிகுளம் பகுதியின் சின்ன வெங்காயம் பெயர் பெற்றது. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அரியலூரில் செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளின் செம்மண்ணில் முந்திரி செழிக்கிறது. திருமானூர்ப் பகுதியிலோ ஆற்றுப் பாசனத்தால் நெல் விளைகிறது. நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளை அழைத்து வந்தது. இச்சுண்ணாம்புக்கல் இங்கு ஒருகாலத்தில் கடல் இருந்ததற்கான சான்றாகும். சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் பன்னிரண்டு கோடி ஆண்டுகள் பழைமையுடையதாகக் கணிக்கப்படுகிறது. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அப்பழங்கடலின் உயிர்களைக் காணலாம். கடலாக இருந்தது கரையாகி, இன்று காய்நிலமாகி நிற்கிறது. தட்பவெப்பமும் நிலையானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மழை: அளவும் அமைதியும்

இவ்விரு மாவட்டங்களின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டரை ஒட்டியது. மழை நகரம் எனப் பெயர்பெற்ற இலண்டன் மாநகரின் ஆண்டு மழையோ ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். வான் நமக்குக் குறைவாகத் தரவில்லை. அங்கு ஆண்டு முழுதும் தூறலாகப் பரவிப் பெய்வது, இங்கு பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் கடும் வெயில் அந்நீரை ஆவியாக்குகிறது. ஆகவே நம் சிக்கல் பெறுவதில் இல்லை, காப்பதில் இருக்கிறது.

காவாத மழை அழிவாகவும் மாறும். பச்சைமலைப் பக்கம் தோன்றிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. அவ்வாறே 1956 நவம்பர் 23 அன்று பெருகி, அரியலூர் அருகே இருப்புப்பாதைப் பாலத்தைச் சிதைத்தது. தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியது வரலாறு.

காத்த மழை செல்வமாகும் என்பதற்கும் இம்மண்ணிலேயே சான்று உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் தலைநகர் அமைத்த முதலாம் இராசேந்திரன் சோழகங்கம் என்னும் பேரேரியைக் கண்டான்; இன்று அது பொன்னேரி எனப்படுகிறது. வறண்ட மேட்டுநிலத்தில் தலைநகர் கண்டவன் முதலில் நீருக்கு வழி செய்தான். புள்ளம்பாடி வாய்க்காலால் நிறையும் கரைவெட்டி ஏரி, வயல்களுக்கு நீர் வழங்குவதோடு அயல்நாட்டுப் பறவைகளையும் ஈர்க்கிறது. 2024 சனவரியில் அது உலகப் புகழ்பெற்ற ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

வெயில்: வறட்சியும் புழுக்கமும்

வெயிலின் கொடுமை பாகையளவில் மட்டும் அடங்குவதன்று. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலர்வதில்லை, உடல் தணிவதில்லை. இக்காரணத்தால் 40 பாகை வெயிலடிக்கும் பெரம்பலூரின் உலர்ந்த நண்பகலைக் காட்டிலும், அதனினும் சில பாகை குறைந்த சென்னையின் புழுக்கம் சில வேளைகளில் உடலை மிகுதியாக வருத்தும். அமெரிக்காவில் பீனிக்ஸின் உலர்வெப்பத்துக்கும் ஹூஸ்டனின் ஈரவெப்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதுவே. கடற்கரை ஊரினும் உள்நாட்டூர் எல்லா வகையிலும் வாழத்தகாதது என்பது பொருந்தாத கூற்றாகும்.

லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து தலைமுறைகளாகக் கடல் கடந்து சென்றோர் பலர். இவ்வூரின் வெயிலை விட்டு அவர்கள் சென்று சேர்ந்த வளைகுடா நாடுகளில் வெயில் இதனினும் கடுமையானது. அவர்கள் குளுமையைத் தேடிச் செல்லவில்லை. கூலியைத் தேடிச் சென்றனர். அங்குள்ள ஓர் ஏற்பாடு நம் கவனத்திற்கு உரியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. நம் நாட்டில் அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து வழிகாட்டியது. தமிழக அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. முந்திரித் தோப்பிலும் கல்சுரங்கத்திலும் வெங்காய வயலிலும் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வு நேரமும் கிடைக்கும்போதே இவ்வறிவிப்பு முழுப்பயன் தரும்.

தாழ்ந்த இடமும் உயர்ந்த இடமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. பெரம்பலூரில் அது 74.32 விழுக்காடாகவும் அரியலூரில் 71.34 விழுக்காடாகவும் இருந்தது. 2017ஆம் ஆண்டுக்குரிய தமிழக மனித வளர்ச்சி அறிக்கையில் கன்னியாகுமரி முதலிடத்திலும் அரியலூர் கடைசி இடத்திலும் வைக்கப்பட்டன. இதைக் கண்டு, மழை பொழியும் குமரி வாழ்கிறது, வெயில் காயும் அரியலூர் வாடுகிறது என்று முடிவு கட்டுவோர் இருக்கலாம். அவர்கள் விருதுநகரை நோக்க வேண்டும். மழை குன்றிய அம்மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடத்தை வகித்தது. அதன் சிவகாசி, வறண்ட காற்றையே துணையாகக் கொண்டு பட்டாசுத் தொழிலை வளர்த்தது.

தொலைவில் சான்று தேடவும் வேண்டியதில்லை. 2022இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் 97.95 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2023இல் பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூரே முதலிடம். 2024இல் பத்தாம் வகுப்பில் அரியலூர் முதலிடம். 2025இல் பன்னிரண்டாம் வகுப்பில் 98.82 விழுக்காட்டுடன் மீண்டும் அரியலூர் முதலிடம். இடைப்பட்ட ஆண்டுகளில் இம்மாவட்டங்களின் வெயில் குறையவில்லை, மழை கூடவில்லை. மாறியவை வகுப்பறையும் பெற்றோரின் உறுதியும் ஆசிரியரின் உழைப்பும் மாணவரின் முயற்சியுமே ஆகும்.

தேர்ச்சி விழுக்காடு ஒன்றே கல்வியாகாது. கல்வி ஒன்றே வாழ்க்கைத் தரமும் ஆகாது என்பதை நாம் அறிவோம். அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமை பெரும்பேறு. எனினும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த பெரம்பலூர் நகருக்கு இன்றளவும் இருப்புப்பாதை இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதி சாலையோர மக்களின் மூச்சில் கலக்கிறது. தோண்டி முடித்த சுரங்கப் பள்ளங்கள் வாய்பிளந்து கிடக்கின்றன. அவற்றை முறையாகச் சீர்செய்து மழைநீர்த் தேக்கங்களாக்கலாம். முதலிடம் பெற்ற பிள்ளைகள் பட்டம் பெற்றபின் வேலை தேடி வெளியேறும் நிலை தொடருமாயின், நாம் விதைத்ததை வேற்றூர் அறுக்கும்.

முடிவுரை

தட்பவெப்பம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வினாத்தாளை வழங்குகிறது. மின்னசோட்டாவுக்குப் பனி, பீனிக்ஸுக்குப் பாலை, நமக்குச் சில வார மழையும் பல மாத வெயிலும். வினாத்தாளை மாற்றிக் கேட்க எவராலும் இயலாது. விடையெழுதுவது மட்டுமே மாந்தர் கையில் உள்ளது. நம் விடையில் ஏரியும் நிழல்மரமும் பள்ளியும் மருத்துவமனையும் உள்ளூர்த் தொழிலும் இடம்பெற வேண்டும். வெளியூர் செல்லும் மாணவர்கள் செல்லட்டும். அறிவும் பொருளும் ஈட்டட்டும். ஆனால் 'வாழத்தகாத ஊர்' என்று தம் மண்ணுக்குப் பெயரிட்டுச் செல்ல வேண்டா. ஊரிலிருக்கும் பெரியோர்களும் அச்சொல்லைப் பிள்ளைகள் காதில் போட வேண்டா. கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு வரமுடியும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் நமக்குக் காட்டிவிட்டனர். ஏரிகளிலும் மருத்துவத்திலும் தொழிலிலும் அதனைச் செய்து காட்டும் கடமை இனி நம்முடையது.