கலைவாணரும் வில்லுப்பாட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே கருங்கல்லைச் சூழ்ந்த ஊர்களிலும், கிழக்கே நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களிலும், ஊர்த் தெய்வங்களுக்குக் கொடை விழா எடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. விழா இரவில் வில்லின் மணிகள் கலீரென ஒலிக்கும், குடம் முழங்கும், உடுக்கை அதிரும். சிறுவரும் முதியவரும் பந்தலின்கீழ் அமர்ந்து, கதையின் போக்கில் தம்மை மறந்திருப்பர். இவ்வாறு மக்களின் உள்ளத்தைக் கவரும் கலையே வில்லுப்பாட்டு. இதனை வில்லிசை என்றும் வழங்குவர்.

வில்லுப்பாட்டிற்கு வேண்டிய கருவிகள் எளியவை. நீண்ட வில்லொன்றைத் தலைகீழாக வைத்து, அதன் முதுகை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு பிணைத்திருப்பர். வில்லில் சிறு மணிகள் வரிசையாகத் தொங்கும். தலைமைப் பாடகர் இரு கைகளிலும் வீசுகோல்களை ஏந்தி, நாணைத் தட்டிப் பாடுவார். ஒருவர் குடத்தின் வாயை மட்டையால் அடித்துத் தாளம் காட்டுவார். உடுக்கையும் சிங்கியும் உடன் ஒலிக்கும். தலைவர் பாட்டை நிறுத்தி உரைநடையில் கதை சொல்லும்போது, அருகிருப்பவர் "ஆமாம்" என்று ஒத்துரைப்பார். இடையிடையே ஐயங்களை எழுப்புவார். சில வேளைகளில் நகைச்சுவையாகக் குறுக்கிடவும் செய்வார். கேட்போர் மனத்தில் எழும் வினாவே அவர் வாயிலிருந்து வெளிவரும். அதனால் கேட்போரும் கதையில் பங்கு கொண்டவர் ஆகின்றனர்.

இத்தகைய கலைகள் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடையே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் என்னும் இசை வளர்ந்தது. அதிலும் ஒருவர் இசைக்க மற்றவர் மறுமொழி போல் இசைப்பர். அவையின் குறிப்பறிந்து அவ்வப்போதே புதியன புனைவர். உழைக்கும் மக்களிடையே தோன்றிய அவ்விசையைத் தொடக்கத்தில் தாழ்வாக எண்ணியோர் பலர். பின்னரோ உலகமே அதனைப் போற்றியது. வில்லுப்பாட்டும் நெடுங்காலம் சிற்றூர்க் கோயில்களின் எல்லைக்குள்ளேயே இருந்தது. அதனை நகர மேடைக்குக் கொண்டுவந்து பெருமை சேர்த்தவர்களுள் தலையாயவர், நாஞ்சில் நாட்டில் பிறந்த நடிகர் என். எஸ். கிருஷ்ணன் ஆவார்.

கிருஷ்ணன் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். சுடலை, இசக்கி என்பன வில்லுப்பாட்டில் கதையாகப் பாடப்பெறும் தெய்வங்களின் பெயர்கள். பெற்றோரின் பெயர்களிலேயே அந்நிலத்தின் கதைகள் வாழ்ந்தன எனலாம்.

குடும்பத்தின் வறுமை அவரை நீண்ட நாள் பள்ளியில் இருக்க விடவில்லை. இளமையிலேயே சிறு வேலைகள் செய்து பொருள் ஈட்ட வேண்டியதாயிற்று. நாடகக் கொட்டகையில் சோடா விற்கும் சிறுவனாகவும் அவர் இருந்தார். விற்கும் நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் மேடையிலேயே அவர் கண் சென்றது. வில்லுப்பாட்டிலும் அவர் இளமையிலேயே பழகினார். பள்ளி கற்பிக்காத பலவற்றைக் கொட்டகையும் கொடைப் பந்தலும் அவருக்குக் கற்பித்தன.

1925-ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்து பல்வேறு வேடங்களை ஏற்றார். நாடு விடுதலைக்குப் போராடிக் கொண்டிருந்த காலம் அது. அக்குழுவினர் நடத்திய 'தேசபக்தி' என்னும் நாடகத்தில், காந்தியடிகளின் வரலாற்றை அவர் வில்லுப்பாட்டாகப் பாடினார். தெய்வங்களின் கதையைப் பாடிய வில், அன்று நாட்டு விடுதலைக்காகவும் ஒலித்தது.

பின்னர்த் திரைப்படங்கள் அவரை அழைத்தன. 1935-இல் 'மேனகா'வும் 1936-இல் 'சதிலீலாவதி'யும் வெளிவந்தன. தம்முடன் நடித்த டி. ஏ. மதுரத்தை அவர் மணந்தார். இருவரும் இணைந்து நடித்த நகைச்சுவைக் காட்சிகளைக் காணவே மக்கள் திரண்டனர். ஒருவரை இழித்துப் பேசிச் சிரிக்க வைப்பது எளிது. சிரித்தவர் வீடு திரும்பியபின் சிந்திக்குமாறு செய்வது அரிது. கிருஷ்ணன் அரியதையே மேற்கொண்டார். மூட நம்பிக்கையையும் சாதி வேற்றுமையையும் குடிப்பழக்கத்தையும் அவர் நகைச்சுவையால் சாடினார். மக்கள் அவரைக் 'கலைவாணர்' என்று போற்றினர்.

புகழின் உச்சியில் இருந்தபோது பெருந்துன்பம் ஒன்று அவரைச் சூழ்ந்தது. 1944-ஆம் ஆண்டின் இறுதியில், இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைது செய்யப்பட்டனர். இருவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. மீண்டும் விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் 1947-இல் அவர்களை விடுதலை செய்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. இடர் நேர்ந்த அக்காலத்தில் மதுரம் அம்மையார் மனந்தளராது நின்று, கணவரின் விடுதலைக்காக அரும்பாடுபட்டார்.

சிறையிலிருந்து மீண்ட கலைவாணரிடம் கசப்பைக் காண இயலவில்லை. முன்னினும் ஊக்கத்தோடு அவர் மக்களுக்குரிய பணியில் ஈடுபட்டார். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' என்னும் கதாகாலட்சேபத்தை நிகழ்த்தினார். நந்தனார் தில்லையைக் காண ஏங்கியது போல், அக்கதையின் சிறுவன் கல்வி கற்க ஏங்குகிறான். பழைய கதை வடிவத்திலேயே, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த சிறுவனுக்கும் கல்வி வேண்டும் என்னும் புதிய கருத்தை அவர் வைத்தார். வறுமையால் பள்ளியை விட்ட ஒருவர் கல்வியின் பெருமையைப் பாடியபோது, அச்சொற்கள் கேட்டோர் நெஞ்சில் ஆழப் பதிந்தன.

1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் காந்தியடிகள் மறைந்தார். அப்பெரியாரின் வாழ்வை எழுத்தறியாத மக்களுக்கும் எடுத்துரைக்க வேண்டும் என்று கலைவாணர் எண்ணினார். அதற்கு அவர் தேர்ந்த கருவி இளமையில் கேட்டுப் பழகிய வில்லே ஆகும். திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் என்னும் இளங்கவிஞரின் திறமையைக் கண்டு, அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். அவர் எழுதிய காந்தி மகான் கதையைத் தாமே வில்லேந்தி ஊர்தோறும் பாடினார். திரைப்படத்தில் பெயர் பெற்ற நடிகர் ஒருவர், மேடைமேல் தரையில் அமர்ந்து குடத்தின் தாளத்திற்கேற்பப் பாடுவதைக் கண்ட நகரத்தார் வியந்தனர். சிற்றூர்க் கலை என்று அதனை ஒதுக்கியிருந்தோரும் செவிசாய்த்தனர்.

ஈட்டிய பொருளை இல்லாதவர்க்கு வழங்குவதில் கலைவாணர் கணக்குப் பார்த்ததில்லை. அதனால் அவர் பெருஞ்செல்வம் சேர்த்து வைக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் அவர் மறைந்தபோது அவருக்கு 49 வயதுகூட நிறையவில்லை. நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை.

ஆயினும் அவர் ஏந்திய வில் ஓய்ந்துவிடவில்லை. சுப்பு ஆறுமுகம் அதனை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றார். அவருக்கு 2021-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2022-இல் அவர் மறையும் வரையில் வில்லிசையே அவர் வாழ்வாக இருந்தது. இளைஞர் ஒருவரிடம் கலைவாணர் வைத்த நம்பிக்கை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் பயன் தந்தது.

சோடா விற்ற சிறுவன், நாடக நடிகர், திரைப்படக் கலைஞர், சிறைக் கைதி, வில்லுப்பாட்டுக் கலைஞர் எனக் கிருஷ்ணனின் வாழ்வு பல நிலைகளைக் கண்டது. நிலைகள் மாறியபோதும், தாம் பிறந்த மண்ணின் கலையை அவர் மறக்கவில்லை. உயரச் சென்றபின் அதனையும் தம்மோடு உயர்த்தினார். மரம் எத்துணை உயர்ந்தாலும் அதற்கு நீர் வேரிலிருந்தே வரவேண்டும் அன்றோ? கொடை விழா இரவில் வில்லோசை கேட்கும்போது, அவ்வொலியை உலகறியச் செய்த கலைவாணரையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.