ஓட்டையை அடைத்தால் வெயில் குறையுமா?

எட்டாம் வகுப்பில் ஒரு சிறு தேர்வு. ‘புவி வெப்பமயமாதலுக்குக் காரணம் என்ன?’ என்று கேட்டிருந்தேன். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: ‘ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அதன் வழியாகச் சூரிய வெப்பம் உள்ளே வருகிறது.’ முந்தைய ஆண்டுகளில் இந்தப் பதிலுக்கு நானே பாதி மதிப்பெண் போட்டிருக்கிறேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அந்த ஓட்டையை அடைச்சிட்டா வெயில் குறைஞ்சிடுமா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் தீர்வையும் தவறான இடத்தில்தான் தேடுவோம். ஓட்டைதான் காரணம் என்று நம்பும் பிள்ளை நிலக்கரியையும் பெட்ரோலையும் திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டும் ஒன்றல்ல

ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அண்டார்டிகாவின் மேலே அது மெலிந்துவருவதை 1985இல் அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்களே அதற்கு முக்கியக் காரணம். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. இன்று அந்தப் படலம் மெல்ல மீண்டுவருகிறது. ஆனாலும் புவியின் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு செய்தியே மாணவர்களைச் சிந்திக்க வைக்கும்.

புவி வெப்பமயமாதலில் சிக்கல் உள்ளே வரும் கதிர்களில் இல்லை. வெளியேற வேண்டிய வெப்பத்தில் இருக்கிறது. அதற்காக இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. குளோரோஃபுளோரோ கார்பன்களும் பசுமை இல்ல வாயுக்களே. மேல்வகுப்புகளில் இதைச் சேர்த்துச் சொல்லலாம்.

மார்கழி இரவும் போர்வையும்

“மார்கழியில் எந்த இரவு அதிகம் குளிரும்? வானம் தெளிவாக இருக்கும் இரவா, மேகம் மூடிய இரவா?” என்று கேட்டுப் பாருங்கள். அதிகாலையில் எழும் பிள்ளைகள் தெளிந்த இரவு என்று சொல்லிவிடுவார்கள். பகலில் சூடேறிய தரை இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளிவிடுகிறது. மேகம் அதை உறிஞ்சி ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பித் தருகிறது. நீராவி, கார்பன் டைஆக்சைடு, மீத்தேன் ஆகிய வாயுக்களும் இவ்வாறே வெப்பத்தை உறிஞ்சித் திருப்பி அனுப்புகின்றன. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதைச் செய்வதில்லை.

போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்காது. உடலின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும். இந்த வாயுப் போர்வை இல்லாவிட்டால் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ −18 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும். இப்போது அது ஏறத்தாழ 15 டிகிரி. ஆகவே ‘பசுமை இல்ல விளைவு கெட்டது’ என்று எழுத விடக்கூடாது. போர்வை தடிமனாகிக்கொண்டே போவதுதான் சிக்கல்.

எவ்வளவு தடிமன்? தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் கார்பன் டைஆக்சைடு சுமார் 280. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இம்மூன்று எண்களை மாணவர்களே வரைபடத்தாளில் குறிக்கட்டும்.

ஒரு கணக்கு

“ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எவ்வளவு கார்பன் டைஆக்சைடு வரும்?” பத்தாம் வகுப்பில் இதைக் கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை ஏறத்தாழ 750 கிராம். அதில் கார்பன் சுமார் 640 கிராம். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும். கணக்கிட்டால் 2.3 கிலோவுக்கு மேல் வரும். முக்கால் கிலோ எப்படி இரண்டே கால் கிலோ ஆனது என்று வகுப்பே கேட்கும். காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்ததை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தொடக்கப் பள்ளியில் கணக்கு வேண்டாம். ‘நேற்று நம் வீட்டுக்காக எது எரிந்தது?’ என்று ஒரு பட்டியல் போதும். சமையல் எரிவாயு, வண்டிக்குப் பெட்ரோல் என்று எழுதுவார்கள். மின்விசிறியை யாரும் எழுதமாட்டார்கள். அது வீட்டில் புகைவதில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கும் நம் வகுப்பறை மின்விசிறிக்கும் உள்ள தொடர்பை அங்கே தொடங்கலாம்.

வரக்கூடிய கேள்விகள்

“நாம் மூச்சு விடுவதாலும் சூடாகுமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். நாம் வெளிவிடும் கார்பன் நாம் உண்ட சோற்றிலிருந்து வந்தது; நெற்பயிர் அதைக் காற்றிலிருந்துதான் எடுத்தது. எடுத்தது திரும்பிப் போகிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் அப்படியல்ல. பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த கார்பனை இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் காற்றில் கலக்கிறோம்.

நீர் தேங்கிய வயல்களிலிருந்தும் மாடுகளிடமிருந்தும் மீத்தேன் வருகிறது. இதைச் சொல்லும்போது உழவர் வீட்டுப் பிள்ளை குற்றவாளியாக உணராதபடி சொல்ல வேண்டும். நீர் மறைய நீர் கட்டும் பாசன முறையால் மீத்தேன் குறைகிறது. தண்ணீரும் மிச்சமாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சோதனையில் ஓர் எச்சரிக்கை

ஒரு பாட்டிலில் காற்று, மற்றொன்றில் கார்பன் டைஆக்சைடு, இரண்டிலும் வெப்பமானி, மேலே விளக்கு. இச்சோதனையைப் பலரும் செய்கிறோம். அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் 1856இல் சூரிய ஒளியில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தார். ஆனால் பாட்டிலில் தெரியும் வேறுபாட்டில் கார்பன் டைஆக்சைடு கனமான வாயு என்பதற்கும் பெரும் பங்கு உண்டு. எனவே இதை மெய்ப்பிப்பாகக் காட்டாமல், பேச்சைத் தொடங்கும் வழியாக மட்டும் வைத்துக்கொள்வது நேர்மை.

இப்போது நான் கேள்வியையே மாற்றிவிட்டேன். ‘ஓசோன் ஓட்டையை அடைத்தால் புவி குளிருமா? காரணம் கூறுக.’ மனப்பாடம் செய்த ஒரு வரியால் இதற்கு விடை எழுத முடியாது. அன்று கேட்ட அந்த மாணவி இம்முறை எழுதியிருந்தாள்: ‘குளிராது. போர்வையைக் குறைக்க வேண்டும்.’ முழு மதிப்பெண் கொடுத்தேன்.