ஷேக்ஸ்பியர் இலக்கணத்தை மீறினால் மூளைக்குள் என்ன நடக்கும்?

'காபியில் செங்கல் கலந்து குடித்தேன்.'

படித்ததும் திடுக்கிட்டீர்களா? உங்கள் மூளையும்தான்! பொருந்தாத சொல் வந்தால், சுமார் 400 மில்லி விநாடியில் மூளையின் மின் அலையில் ஒரு மாற்றம் தெரியும். இதற்கு 'என்400' என்று பெயர். இலக்கணம் இடறினால், சுமார் 600 மில்லி விநாடியில் 'பி600' அலை எழும்.

இலக்கணத்தை இடறவைப்பதில் கில்லாடி, ஷேக்ஸ்பியர். பெயர்ச்சொல்லை அப்படியே வினைச்சொல்லாக்கிவிடுவார். 'கொரியோலேனஸ்' நாடகத்தில் 'கடவுள்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே வினையாக்கி, ஒருவரைத் தெய்வமாகக் கொண்டாடுவதை ஒற்றைச் சொல்லில் அடக்கியிருப்பார்.

இதைப் படிக்கும்போது மூளை என்ன செய்கிறது? லிவர்பூல் பல்கலைக்கழக இலக்கியப் பேராசிரியர் பிலிப் டேவிஸும், பாங்கர் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் கியோம் தியெரியும் குழுவாகச் சேர்ந்து ஆராய்ந்தார்கள். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஷேக்ஸ்பியர் பாணியில் அமைந்த வாக்கியங்களை வாசிக்கச் சொன்னார்கள்.

2008-ல் வெளியான முடிவு சுவாரஸ்யமானது. பி600 எழுந்தது, ஆனால், என்400 எழவில்லை. அதாவது, இலக்கணத்தில் மூளை தடுக்கியது, அர்த்தத்தில் தடுக்கவில்லை. 'இது புதுசா இருக்கே' என்று நிமிர்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரைப் படித்தால் புத்திசாலி ஆகிவிடலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால், ஒன்று புரிகிறது. கதைச்சுருக்கம் படித்தால் கதை தெரிந்துவிடும். மூளையை நிமிரவைக்கும் அந்தச் சொல் மூலத்தில்தான் இருக்கிறது.

அடுத்த முறை கவிதையிலோ நாடகத்திலோ ஒரு வரி இடறினால், உடனே தாண்டிப் போகாதீர்கள். ஒரு நொடி நில்லுங்கள்!