750 பெரிதா, 25 பெரிதா?

பெங்களூரின் ஜோகுபாளையத்துக்குப் பக்கத்திலேயே அல்சூர் மெட்ரோ நிலையம். நகரில் 2011 அக்டோபரில் முதன்முதலாக மெட்ரோ ஓடிய பாதை அது. அந்த ரயிலுக்குத் தலைக்கு மேல் கம்பி கிடையாது. பக்கவாட்டில் செல்லும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. கன்டோன்மென்ட் ரயில் நிலையம் வழியாகச் சென்னைக்குப் போகும் ரயிலுக்கோ மேல்கம்பியில் 25 கிலோவோல்ட்.

எதில் மின்னழுத்தம் அதிகம்? அறிவியல் வீட்டுப்பாடத்தில் இப்படிக் கேட்டால், 750 என்று பட்டென எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவும் பிள்ளைகள் உண்டு. 'கிலோ'வைப் பிரித்தால் 25,000 வோல்ட். முப்பத்துமூன்று மடங்குக்கும் மேல்!

தண்டவாள இடைவெளியிலும் இதே கூத்துதான். மெட்ரோவுக்கு 1,435 மில்லிமீட்டர், ரயில்வேயின் அகலப்பாதைக்கு 1.676 மீட்டர். இரண்டையும் மில்லிமீட்டராக்கினால் அகலப்பாதைதான் 241 மி.மீ. கூடுதல், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே.

அலகு மாற்றும்போது தசமப் புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ரூபாயைச் சில்லறையாக மாற்றினால் கையில் காசின் எண்ணிக்கை கூடுமே, அதே கதைதான்: அலகு சிறுத்தால் எண் பெருக்கும். தாத்தா பாட்டி காலத்தோடு ஒப்பிட்டால் இது சுலபம். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. அதை மனக்கணக்காகவே போட்டார்கள்.

வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தால் இன்னொரு கணக்கு. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், பாராசிட்டமால் 500 மில்லிகிராம். பத்து மடங்கு என்று தோன்றும். உண்மையில் பத்தாயிரம் மடங்கு. மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை அவசரத்தில் கிறுக்கினால் 'எம்' போலத் தெரியலாம். அப்படிப் படித்துவிட்டால் மருந்து ஆயிரம் மடங்காகிவிடும். மாத்திரை அட்டையில் 'எம்சிஜி' என்று அச்சிடுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

'இம்மியும் பிசகாது' என்கிறோமே, அந்த இம்மியும் பழைய கீழ்வாய்க் கணக்கில், அதாவது பின்னக் கணக்கில், மிகமிகச் சிறிய ஒரு பங்கு. பத்து லட்சத்தில் ஒன்றான மைக்ரோவைப் போல!

எடைக்கும் அளவுக்கும் மெட்ரிக் முறை 1958-லேயே வரத் தொடங்கிவிட்டது. ஆனால் வீட்டுமனை என்று வந்தால் பெங்களூருக்கு இன்னும் அடிக்கணக்குதான்: 'தர்ட்டி ஃபார்ட்டி சைட்'. அதாவது 1,200 சதுர அடி, சுமார் 111.5 சதுர மீட்டர். அதைச் சதுர சென்டிமீட்டராக்கச் சொன்னால் நூறால் பெருக்கிவிட்டு நிமிரும் பையன், பெருக்க வேண்டியது பத்தாயிரத்தால் என்று தெரிந்ததும் மறுபடி அழிரப்பரைத் தேடுவான்.