கிழ விண்மீனும் அதன் துணையும்



இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு விண்மீன்கள் புதியவை அல்ல. ஆடி, ஆவணி மாதங்களில் அந்நேரம் தெற்கு வானில் 'சிற்பி' என்னும் மங்கலான விண்மீன் கூட்டம் நிற்கும். அதில் 'ஆர் ஸ்கல்ப்டோரிஸ்' என்பது ஒரு கிழ விண்மீன். வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

விண்மீனுக்கு ஏது கிழப்பருவம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடுவயிற்றில் எரிந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோனால் விண்மீன் பல மடங்கு ஊதிப் பெருத்துச் சிவந்துவிடும். பெருத்த உடம்பின் மேற்பரப்பு மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், அங்கே ஈர்ப்புப் பிடி தளர்ந்துவிடும். சூடும் குறையும். இந்த விண்மீனில் கரிச்சத்து அதிகம். ஆகவே, விளக்குச் சிம்னியில் படிவது போன்ற புகைக்கரித் துகள்கள் அதைச் சுற்றி உண்டாகின்றன. விண்மீனின் ஒளி அத்துகள்களை வெளியே தள்ள, அவை வாயுவையும் கூடவே இழுத்துச் செல்கின்றன.

அப்படிப் போகும் வாயு, ஊதிய பலூனைப் போல எல்லாப் பக்கமும் சமமாகத்தானே பரவ வேண்டும்? அறிஞர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2012-ஆம் ஆண்டில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்திலுள்ள 'அல்மா' தொலைநோக்கி எடுத்த அதன் படம் வெளியானது. நம் வானொலிப் பெட்டியைப் போல அதுவும் ரேடியோ அலைகளைப் பிடிப்பதுதான். படத்தில் வெளியே ஓர் ஓடு இருந்தது. அது முன்பே தெரிந்தது. உள்ளேயோ, கொசுவர்த்திச் சுருளைப் போல வாயு சுற்றிச் சுற்றிக் கிடந்தது! ஒருவரும் எதிர்பாராத காட்சி.

காரணம், கண்ணுக்குப் புலப்படாத ஒரு துணை விண்மீன். பிள்ளைகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பாருங்கள். அண்ணனும் சின்னத் தங்கையும் சுற்றினால் தங்கைதான் பெரிய வட்டம் போடுவாள். ஆனாலும் அண்ணன் அசையாமல் நிற்பதில்லை. அவனும் சிறு வட்டம் போடுகிறான். அவன் சுற்றிக்கொண்டே சாம்பலை நாற்புறமும் ஊதினால், புறப்படும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அது சுருளாகத்தான் விழும். போதாதற்குத் துணையின் ஈர்ப்பும் தன்னருகே வரும் வாயுவை வளைத்து நெருக்குகிறது.

இந்தச் சுருள் ஒரு நாட்குறிப்பும் ஆகும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியையும் வாயுவின் வேகத்தையும் கொண்டு, துணை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 350 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டார்கள். வெளி ஓடு, விண்மீனின் உள்ளே ஏற்பட்ட ஒரு கொந்தளிப்பால் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. அக்கொந்தளிப்பு ஏறக்குறைய 200 ஆண்டுகள் நீடித்ததாம். முகத்தைக் காட்டாத துணையின் நடமாட்டத்தைப் புகையை வைத்தே சொல்லிவிட்டார்கள். இது நமக்கு மிகவும் பிடித்த பகுதி.

2020-இல் பெல்ஜிய நாட்டு வானியலாளர் லீன் டெசின் தலைமையிலான குழு இத்தகைய கிழ விண்மீன்கள் பலவற்றை ஆராய்ந்தது. ஒன்றின் காற்றுகூட உருண்டையாக இல்லை. சில சுருள், சில தட்டு, சில கூம்பு. துணை விண்மீன் மட்டுமல்ல, பெரிய கிரகமும் இப்படிச் செய்யலாம் என்றார்கள்.

நம் சூரியனும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இப்படிச் சிவந்து பெருக்கும். அதற்குத் துணை விண்மீன் இல்லை. ஆயினும் வியாழனும் சனியும் இருக்கின்றன. அன்று சூரியனிலிருந்து வெளியேறும் வாயுவில் அவை மெல்லிய சுருள் ஒன்றைப் போடக்கூடும் என்பது அக்குழுவினரின் கணிப்பு.