விலை சொல்லும் முன்பே தோற்கும் மலையகச் சிறு வணிகர்கள்

ஹட்டனில் நான்கு தையல் இயந்திரங்களோடு கடை நடத்தும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிரதேச சபையொன்று தன் தொழிலாளர்களுக்குச் சீருடை தைக்க விலை கேட்கிறது. அவரால் தைக்க முடியும். வெளியூர்க்காரரை விடக் குறைந்த விலைக்குத் தரவும் முடியும். ஆனாலும் அந்த வேலை அவருக்குக் கிடைப்பது அரிது. காரணம் விலையல்ல. விலையை ஒப்பிடும் கட்டத்துக்கே அவருடைய கடிதவுறை போய்ச் சேர்வதில்லை.

அரச நிறுவனம் பொதுப் பணத்தில் பொருளோ சேவையோ வாங்குவதைப் 'பெறுகை' என்கிறார்கள். அது வீதியும் பாலமும் மட்டுமல்ல. கூட்டத்துக்கான சிற்றுண்டி, அச்சு வேலை, தளபாடம், வாகனத் திருத்தம் எல்லாம் பெறுகைதான். மலையகத்தில் சம்பளம், வீடு பற்றிப் பேசுகிறோம். நம் ஊர் அலுவலகங்கள் செலவிடும் இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்பது குறைவு.

அந்தக் கேள்விக்கு இப்போது முன்பை விட அதிக அர்த்தம் உண்டு. பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பிரதேச சபைகள் ஆறாகின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் அப்படி வந்தவைதான். சபை கூடினால் வாங்கும் கைகளும் கூடுகின்றன.

எங்கே தடுக்கிறது?

முதல் தடை முகவரி. விலைமனு கொடுக்க வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். அதைப் பிரதேச செயலகம் ஊடாகப் பெறலாம். ஆனால் வியாபாரம் நடக்கும் இடத்துக்கு உறுதியோ வாடகை ஒப்பந்தமோ கேட்பார்கள். லயன் அறையில் இருப்பவரிடம் இரண்டும் இல்லை. நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. காணி உரிமை இல்லாமை இப்படி வியாபாரத்திலும் வந்து குறுக்கே நிற்கிறது.

இரண்டாவது மொழி. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டு வர்த்தமானியில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆனாலும் அறிவித்தல் தமிழிலும், விலைமனு ஆவணம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆவணத்தில் கேட்ட ஒரு சான்றிதழை இணைக்காவிட்டால் மனு நிராகரிக்கப்படலாம். வாசிக்க முடியாதவர் எதை இணைப்பார்?

மூன்றாவது முதல். சில பெறுகைகளுக்கு வங்கிப் பிணை கேட்பார்கள். பிணைக்கு வங்கி ஈடு கேட்கும். வேலை முடிந்த பிறகும் பணம் உடனே வராது. 2022 நெருக்கடிக்குப் பின் அரசு ஒப்பந்தக்காரர்களுக்கு வைத்த நிலுவை நினைவிருக்கும். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். நான்கு இயந்திரக் கடை தாங்காது.

திறந்திருக்கும் கதவு

சிறியவர்களுக்குப் பொருத்தமான வழி பெரிய கேள்விமனு அல்ல, விலைக்கோரல். சிறு தொகைக் கொள்வனவுக்கு, தம்மிடம் பதிவு செய்த வழங்குநர்களிடமிருந்தே அலுவலகங்கள் விலை கேட்பது வழக்கம். இந்தப் பதிவுக்கான அறிவித்தல் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில், அடுத்த ஆண்டுக்காக வெளிவரும். அதைத் தவறவிட்டால் பல இடங்களில் ஓராண்டு போய்விடும். ஆகவே நவம்பர் வரும் முன்னரே வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் இடம் காட்ட முடியாதவர்கள், நகரில் ஒரு சிறு அறையைச் சேர்ந்து எடுத்து முறையான வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். 'ப்ரொமிஸ்' என்ற அரச இலத்திரனியல் பெறுகைத் தளத்திலும் வழங்குநராகப் பதியலாம்.

50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு, 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்த் தனிப் பதிவு தேவை. அதற்குக் கீழே அந்தச் சுமை இல்லை. வங்கிப் பிணைக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட பிணைப் பிரகடனம் ஏற்கப்படுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பெறுகை வழிகாட்டல்களில் அதற்கு இடம் உண்டு.

விலை எழுதும்போது அலகு விலையில் கவனம் வேண்டும். அலகு விலையும் மொத்தமும் முரண்பட்டால், பொதுவாக அலகு விலையையே சரியானதாகக் கொண்டு மொத்தத்தைத் திருத்துவார்கள். கேள்விமனுப் பெட்டி திறக்கும் நேரத்தில் மனுதாரர் அங்கே இருக்கலாம். போய் உட்காருங்கள். மற்றவர்கள் சொன்ன விலையைக் காதால் கேட்பதே அடுத்த முறைக்கான பாடம்.

தோற்றால் காரணம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் தனி ஆள் செய்யக்கூடியவை. ஆவணத்தைத் தமிழில் தருவதும், சிறு வழங்குநருக்குக் காலதாமதமின்றிப் பணம் கொடுப்பதும், தோட்டத்தில் வாழ்பவரின் வசிப்பிடத்தை வியாபார முகவரியாக ஏற்க வழி காண்பதும் அரச நிறுவனங்களின் வேலை. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த நம் உறுப்பினர்களிடம், கடந்த ஆண்டு சபை யாரிடம் எதை வாங்கியது என்ற பட்டியலை இனி நாம் கேட்கலாம்.