எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் வாருதல்

கனடா முதலிய குளிர்தேசங்களிற் குடியேறி வாழும் நம் பழைய மாணவர் சிலர், அவ்விடத்துக் குளிர்காலத்தைப் பற்றி எழுதும்போது, வீட்டு வாசலில் வந்து குவியும் பனியை அகற்றும் பாட்டையும் தவறாது எழுதுவர். இரவில் முழங்காலளவு பனி விழுந்துவிட்டால், காலையில் வண்டியை வீதிக்குக் கொண்டுவருதல் இயலாது. மண்வெட்டி கொண்டு வாரினால் இடுப்பு ஒடியும். ஆதலின் வசதியுடையோர் ஒரு சிறு டிராக்டரின் முன்புறத்திலே பனி வீசும் யந்திரமொன்றைப் பூட்டிக்கொண்டு வேலையை முடிக்கின்றனர். அந்த யந்திரத்தின் அமைப்பு மிகவும் எளிது. குறுக்கே கிடக்கும் திருகுசுருள் ஒன்று சுழன்று, இருபுறத்துப் பனியையும் வெட்டி நடுவுக்குத் தள்ளும்; நடுவிலுள்ள விசிறி அதனை வாங்கி, ஒரு தூம்பின் வழியே தூர வீசும். கியூபெக் மாகாணத்து ஆர்தர் ஸிகார்டு என்பவர் இத்தகைய யந்திரத்தை அமைத்து, 1927-ஆம் ஆண்டில் மாண்ட்ரியாலை அடுத்த ஊட்ரமாண்ட் நகரசபைக்கு விற்றார். அதுமுதல் இது பரவலாயிற்று.

இதில் யந்திரத்தைவிட நம் கவனத்துக்குரியது, அந்தத் தூம்பை எப்பக்கம் திருப்புவது என்னும் கேள்வியே. காற்றுக்கு எதிரே வீசினால் பனி வீசுவோன் முகத்திலேயே வந்து விழும். பக்கத்து வீட்டு வாசலில் வீசினால் சண்டை வரும். பனியாவது வெயில் வந்தால் உருகிப் போய்விடும். சென்னைக்கு வடக்கே நம்மவர் வாசலை வந்து அடைக்கும் பொருளோ உருகாதது. அது கடல்மணல். புதிதாய் விழுந்த பனி ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 100 கிலோ நிறையுடையது. நனைந்த மணல் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2,000 கிலோ. இந்த வித்தியாசத்தை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இந்த மணல் எங்கிருந்து வருகின்றது? சோழமண்டலக் கரையில் அலைகள் நேராக வந்து மோதுவது குறைவு, சாய்வாகவே வருகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலைச் சாய்வாகவே மேலே கொண்டுபோகும். திரும்பும்போது நீர் சரிவு நோக்கி நேரே இறங்கும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் மணற்பொடி ஒரு சிறு தூரம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய மாதங்களில் இந்நகர்ச்சி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கியும் நிகழும். வடக்கு நோக்கிச் செல்லும் மாதங்களே மிகுதியாதலின், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பல லட்சம் கனமீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். கரையோரமாகக் கண்ணுக்குப் புலப்படாத மணலாறு ஒன்று ஓடுகின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வாற்றை முதலில் மறித்தது சென்னைத் துறைமுகம். 1870-களின் இடையிலே தொடங்கிய அலைதடுப்புச் சுவர்களின் வேலையை 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் புயல் பெரும்பாலும் பாழாக்கியது. பின்னர் மீண்டும் கட்டி முடித்தனர். முதலில் வாயில் கிழக்கே இருந்தது. மணல் சேர்ந்து அவ்வாயில் ஆழங் குறைந்துவரக் கண்டு, 1904-இல் துறைமுகத் தலைமையை ஏற்ற ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலறிஞர் அதனை மூடுவித்து வடகிழக்கில் புதுவாயில் அமைப்பித்தார். துறைமுகத்துக்குத் தெற்கே மணல் தங்கித் தங்கி, ஒரு காலத்தில் கோட்டையின் அருகே அலை வீசிய கடல் வெகுதூரம் பின்வாங்கிற்று. நாம் மாலையில் உலாவி மகிழும் மெரீனா மணற்பரப்பின் அகலம் பெரும்பாலும் இத்தடுப்பினால் வந்ததே. அம்மணல் வடக்கே இராயபுரத்துக்கும், காசிமேட்டுக்கும், திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. அது போகாமையால் அவ்விடங்களில் கடல் கரையைத் தின்றது. மீனவர் குடிசைகளும், வீதிகளும், வலை உலர்த்தும் மணலும் போயின. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நாம் காணும் கருங்கற் குவியல்களும், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல்வரிசைகளும் அந்த நட்டத்துக்குப் பிற்காலத்திற் போட்ட கட்டுகளாம். தென்னகரத்தார் பெற்ற கடற்கரைக்கு விலை கொடுத்தோர் வடநகரத்தார் என்று யாரேனும் சொல்வாராயின், அதனை மறுக்க நம்மிடம் வாதம் ஒன்றும் இல்லை.

இனி எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில் அகன்ற உப்பங்கழி ஒன்று உள்ளது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பக்கிங்ஹாம் கால்வாய் அதிற் கூடுகின்றது. கழி கடலைச் சேரும் வாயிலே முகத்துவாரம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் முதலிய ஊர்கள் இதனை நம்பியே பிழைப்பன. அவற்றுள் ஒன்று வாயிலின் பெயரையே தன் பெயராகக் கொண்டதைக் கவனிக்க. இறால் கடலிற் பிறந்து, குஞ்சாகக் கழிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும் இயல்புடையது. வாயில் அடைபட்டால் குஞ்சு உள்ளே வருவதும் இல்லை. மடவையும் நண்டும் அருகிப்போகும். படகு கடலுக்குப் போவதும் தடைப்படும். மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் வெளியேற வழியின்றி ஊருக்குள் ஏறும். ஆலைகளின் கழிவும், அனல்மின் நிலையத்துச் சுடுநீரும் தேங்கி நின்று கழியைக் கெடுக்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய்க்கழிவு வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே இக்கழிக்கு வந்து, படகுகளையும் வலைகளையும் அலையாத்திச் செடிகளையும் கறுப்பாக்கிற்று. அந்நீர் யாவும் கடலுக்குச் செல்ல இருந்த வழி இம்முகத்துவாரம் ஒன்றே.

முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2014 முதல் அது காமராஜர் துறைமுகம் என வழங்குகின்றது. அதன் தென்புறத்து அலைதடுப்புச் சுவரும் மணலாற்றுக்கு ஓர் அணையாயிற்று. சுவரின் தெற்கே மணல் தேங்கத் தேங்க, அத்தேக்கம் முகத்துவாரம் வரையில் எட்டியது. சென்னைத் துறைமுகத்தின் வடக்கே மணலின்றி அரிப்பு. எண்ணூர்த் துறைமுகத்தின் தெற்கே மணல் மிகுந்து அடைப்பு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பொழுதில் நடந்துவிடக்கூடியது.

அடைப்பை நீக்கும் வழிகளில் எளியது, பருவமழைக்கு முன்னே பொக்லைன் யந்திரத்தைக் கொண்டுவந்து மணற்றிட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டிவிடுவது. அடையாற்று முகத்துவாரத்திலும் இவ்வாறே செய்கின்றனர். வெள்ளம் பெருகி வந்தால் அவ்வாய்க்காலைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும். வெள்ளம் வராவிடிலோ சில நாட்களிலேயே அலை அதனைத் தூர்த்துவிடும். அன்றியும், வெட்டிய மணலைப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போவது வழக்கம். வாசற்பனியை வாசலோரத்திலேயே குவித்துவைப்பதற்கு இது சமானம்.

நிலைத்த வேலைக்கு ஏற்றது டிரெட்ஜர் என்னும் மணல்வாரிக் கலம். அதில் பலவகை உண்டு. முகத்துவாரம் போன்ற ஆழங்குறைந்த இடங்களுக்குக் கட்டர் ஸக்ஷன் வகையே உரியது. தட்டையான ஒரு மிதவையின் முன்புறத்தில் ஏணிபோன்ற சட்டம் ஒன்று நீருக்குள் இறக்கப்படும். அதன் நுனியிலே பற்களையுடைய வெட்டுத்தலை சுழன்று, இறுகிய மணலைக் கிளறும். அருகிலேயே உறிஞ்சுகுழாயின் வாய் உள்ளது. மிதவையிலுள்ள பெரிய பம்பு நீரையும் மணலையும் சேர்த்து உறிஞ்சி, பின்புறத்துக் குழாய் வழியே தள்ளும். குழாயிற் செல்லும் கலவையில் மணல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே இருக்கும், மற்றது நீர். நீரைக் குறைத்து மணலை மிகுத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆதலால் பம்பைக் காப்பவன் அழுத்தமானியின் மேல் வைத்த கண்ணை எடுப்பதில்லை.

கலம் நகரும் விதமும் அறியத்தக்கது. பின்புறத்தில் ஸ்பட் எனப்படும் இரண்டு இரும்பு ஊன்றுகால்கள் உள. ஒன்றைத் தரையில் ஊன்றி, அதையே அச்சாகக் கொண்டு, இருபுறத்து நங்கூரக் கயிறுகளை மாறிமாறி இழுத்தால், முன்புறம் வில்போல வளைந்து இடமும் வலமும் வீசிச் செல்லும். ஒரு வீச்சு முடிந்ததும் மற்றொரு காலை ஊன்றி முதற்காலைத் தூக்கினால் கலம் ஓரடி முன்னேறும். நொண்டி நடப்பவன் நடையை இஃது ஒத்திருக்கும். பனியந்திரத்தின் திருகும் விசிறியும் இங்கே வெட்டுத்தலையும் பம்புமாக மாறியிருப்பதை மாணவர் எளிதில் உணர்வர். பனியந்திரத்தின் சுருளிற் கல் சிக்கினால் முதலில் முறியும்படி மெல்லிய ஆணி ஒன்றை வைத்திருப்பர். ஆணி முறிந்து யந்திரம் தப்பும். கழிகளிலே கல்லைவிடப் பெரிய தொல்லை நைலான் வலைத்துண்டும் பிளாஸ்டிக் பைகளுமாம். அவை வெட்டுத்தலையிற் சுற்றிக்கொண்டால் ஏணியைத் தூக்கி, கையாலேயே அறுத்தெடுக்க வேண்டும்.

இப்பொழுது தூம்பின் கேள்விக்குத் திரும்புவோம். வாரிய மணலை முகத்துவாரத்துக்குத் தெற்கே கொட்டினால், தென்மேற்குக் காற்றின் மாதங்களில் அது நடந்து வந்து வாயிலை மறுபடியும் அடைக்கும். ஆழ்கடலிற் கொட்டினால் திரும்பி வாராது. ஆனால் கரைக்கும் அது பயன்படாது. பள்ளநிலத்தையும் கழியின் ஓரத்தையும் அதைக்கொண்டு நிரப்பினால் அதுவே எல்லாவற்றினும் தீங்கு. இதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது ஏற்றவற்றத்தின்போது அதன் வழியே உட்புகுந்து வெளியேறும் நீரேயாகும். அந்நீர் மிகுந்தால் ஓட்டம் விரைந்து மணலை அடித்துச் செல்லும். குறைந்தால் மணல் வெல்லும். சென்னைக் கரையில் கடலேற்றம் பெரிதன்று. மிகுந்த நாட்களிலும் ஏறக்குறைய ஒரு மீட்டரே. ஆகவே கழியின் பரப்புத்தான் நமக்குத் துணை. ஒரு சதுரகிலோமீட்டர் பரப்புள்ள கழியில் அரைமீட்டர் நீர் ஏறுவதாகக் கொண்டால், ஓர் ஏற்றத்துக்கு 5 லட்சம் கனமீட்டர் நீர் வாயில் வழியே உட்புகும். அப்பரப்பிற் கால்பங்கை மண்ணிட்டு மேடாக்கினால் 1¼ லட்சம் கனமீட்டர் குறைந்துபோகும். அதுவும் நாளொன்றுக்கு இருமுறை. எண்ணூர்க் கழியின் ஓரங்கள் பல ஆண்டுகளாக நிலக்கரிச் சாம்பலாலும் கட்டடங்களுக்காகக் கொட்டிய மண்ணாலும் மேடாகி வந்திருக்கின்றன. கூலியின்றி இரவும் பகலும் வேலை செய்துவந்த இயற்கை டிரெட்ஜரின் வலுவைக் குறைத்துவிட்டு, அதன் வேலைக்கு எண்ணெய் எரிக்கும் டிரெட்ஜரை வாடகைக்கு அமர்த்துகின்றோம். கழியிலிருந்து குளிர்நீர் எடுத்துவந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்ட பிறகு, வாயில் திறந்திருப்பதில் முன்போல் அக்கறை கொள்வோர் மீனவரன்றி வேறு யார் என்று அவ்வூரார் கேட்பதும் நியாயமே. சமீப ஆண்டுகளில் வாயிலின் இருபுறமும் கற்சுவர் எழுப்பும் வேலையை அரசினர் மேற்கொண்டுள்ளனர். அது ஓட்டத்தை ஒருமுகப்படுத்த உதவும். எனினும் ஓடுவதற்கு உள்ளே நீர் வேண்டுமே!

மணலை எங்கே இடவேண்டும் என்பதற்கு உலகில் நல்ல உதாரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் கடல்வாயிலில் 1986 முதல், தெற்குக் கரையில் வந்து சேரும் மணலைப் பம்புகள் உறிஞ்சி, வாயிலுக்கு அடியிற் செல்லும் குழாய் வழியே வடகரையிற் சேர்க்கின்றன. மணலாறு தடையைத் தாண்டித் தன் வழியே போகின்றது. அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. நம் கிழக்குக் கரையிலுள்ள விசாகப்பட்டினத்திலேயே, துறைமுகத்தருகே மணல் தங்குவதற்கென ஒரு பள்ளத்தை வைத்து, அதில் வாரியதை வடக்கேயுள்ள நகரக் கடற்கரைக்கு ஊட்டிவருகின்றனர். புதுச்சேரியிலோ 1980-களின் பிற்பகுதியிற் கட்டிய சிறு துறைமுகத்தில் மணலைக் கடத்திவிடும் ஏற்பாடு சரிவர நடவாமையால், வடபுறத்து நகரக் கடற்கரை கல்லாய்ப் போனதை நம்மிற் பலர் நேரிற் கண்டிருப்போம்.

நம் பக்கத்திலே இந்த ஏற்பாடு இருவகையிற் பயன்படும். முகத்துவாரத்திலும் எண்ணூர்த் துறைமுகத்துத் தென்சுவரின் அருகிலும் வாரும் மணலை, மாசில்லாததென்று பரிசோதித்த பின், குழாய் வழியே காட்டுப்பள்ளிப் பக்கத்துக்கு, அதாவது துறைமுகங்களுக்கு வடக்கே அரிப்புக்குள்ளாகும் கரைக்கு, அனுப்பலாம். திருவொற்றியூர்க் கரைக்கு வேண்டுவதைப் படகிலோ குழாயிலோ தெற்கே கொண்டுவந்தும் இடலாம்; அது மீண்டும் மெல்ல வடக்கே நகருமாதலின் ஆண்டுதோறும் இடவேண்டிவரும். செலவு மிகுமென்று சொல்வர். கல்லுக்குச் செய்யும் செலவும் ஆண்டுதோறும் செய்வதே. கல் கரையைக் காக்கும். மணல் கரையாகவே ஆகும். கல்லின்மேல் வலை உலர்த்தவும், கட்டுமரம் ஏற்றவும் முடியாது என்பதைத் திருவொற்றியூர்க் குப்பத்துப் பெரியவர் எவரும் சொல்வர்.

மாணவர் எவரேனும் இவ்விஷயத்தை நேரிற் கண்டறிய விரும்பினால் நெட்டுக்குப்பத்துக் கரைக்குச் செல்லலாம். வற்றம் தொடங்கும் நேரத்திற் போதல் நலம். கழிநீர் எவ்விடத்தில் விரைந்து ஓடுகின்றது, எவ்விடத்தில் அலை உடைந்து வெண்மையாகின்றது என்று பார்த்தால், நீருக்கடியிலுள்ள திட்டின் உருவம் புலப்படும். அவ்வூர்ப் படகோட்டிகள் அதைப் பார்த்தே நாள்தோறும் தம் வழியைத் தீர்மானிக்கின்றனர். தை மாதத்தில் ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும் சென்று அதே இடத்தில் நின்று வரைந்துகொள்வோர்க்கு, வாயில் எப்பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பது தாளிலேயே தெரியும்.